பிளேசரைக் கைவிடுவார்களா? சில்வர்லைட் விட்டுப்போன பயமும் வெப் ஃபார்ம்ஸ் சொல்லும் கணக்கும்

சி ஷார்ப் மொழியிலேயே இணையச் செயலிகளை எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவி பிளேசர். அதன் பேச்சு எடுத்தாலே, அந்நிறுவனத்தின் டாட்நெட் தளத்தில் எழுதும் நிரலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "மைக்ரோசாஃப்ட் இப்போது இதில்தான் பணம் போடுகிறது, புதிதாக எதை ஆரம்பித்தாலும் இதிலேயே ஆரம்பி" என்பது ஒரு கட்சி. மறு கட்சி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும்: "சில்வர்லைட்". உலாவியில் பிளகினாக, அதாவது தனியாக நிறுவும் துணை நிரலாக, ஓடிய மைக்ரோசாஃப்டின் பழைய தளம் அது; வளர்த்துவிட்டுக் கைவிட்டார்கள். சூடுபட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பிறகு வந்தவர்களுக்குத்தான், இத்தனை ஆண்டு கழித்தும் ஏன் அந்தக் காயம் ஆறவில்லை என்று புரிவதில்லை.

இந்த வாதம் முடிவே இல்லாமல் இழுப்பதற்குக் காரணம், இரு தரப்பும் "ஆதரவு" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்களைத் திணிப்பது. எழுதிய நிரல் தொடர்ந்து ஓடுமா? பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் ஒட்டுப்போட்டுத் தருவார்களா? புதிய வசதிகள் வந்து வளருமா? மூன்றும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகச் சாகும் என்று எண்ணிக்கொள்கிறோம். மைக்ரோசாஃப்டின் வெப் பிளாட்ஃபார்ம்களில் அப்படி நடந்ததே இல்லை. ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் வேறு வேறு வரிசையில் நின்றிருக்கின்றன.

சில்வர்லைட்டையே எடுத்துக்கொள்வோம். 2007 செப்டம்பரில் வந்த முதல் பதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டுதான் இயக்க முடிந்தது. 2008 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உலாவிக்குள்ளேயே டாட்நெட் ஓடியது. சி ஷார்ப் தெரிந்தவர்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கை அமெரிக்காவில் என்பிசி இணையத்தில் ஒளிபரப்பியது சில்வர்லைட்டில். நெட்ஃபிளிக்ஸும் அதைத்தான் பயன்படுத்தியது. 2009 ஜூலையில் மூன்று, 2010 ஏப்ரலில் நான்கு என்று பதிப்புகள் ஓட்டமாக வந்தன. அந்த வேகத்தைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

2010 அக்டோபரில் நடந்த நிரலாளர் மாநாட்டின்போது, மைக்ரோசாஃப்டின் சர்வர், கருவிகள் பிரிவின் தலைவராக இருந்த பாப் மக்லியா ஒரு பேட்டியில் நிறுவனத்தின் வியூகம் மாறியிருப்பதாகச் சொன்னார். ஆப்பிளின் கைப்பேசிகள் உட்பட எல்லா இடத்திலும் ஓடக்கூடியது ஹெச்டிஎம்எல் மட்டும்தான், சில்வர்லைட் விண்டோஸ் ஃபோனுக்கான தளம் என்பது அதன் சாரம். கொந்தளிப்பு எழுந்தது. அவரே விளக்கம் எழுதி, சில்வர்லைட் முக்கியமானதுதான் என்றார். 2011 ஜூனில் விண்டோஸ் 8-ஐ முதன்முதலாகக் காட்டியபோது புதிய வகைச் செயலிகளை ஹெச்டிஎம்எல் 5, ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு எழுதலாம் என்று மட்டும் சொன்னார்கள். டாட்நெட் பற்றி மூச்சு விடவில்லை. செப்டம்பர் மாநாடு வரை அந்த மௌனம் நீடித்தது. அங்கே சி ஷார்ப்பும், திரைகளை வடிவமைக்கும் சாமல் மொழியும் புதிய விண்டோஸிலும் செல்லும் என்று தெரிந்தது. கற்ற வித்தை பிழைத்தது, எழுதிய செயலி பிழைக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் "எல்லாம் போயிற்று" என்பவரும் "எதுவும் போகவில்லை" என்பவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்கிறார்கள்.

கடைசிப் பதிப்பான ஐந்து 2011 டிசம்பரில் வந்தது. வளர்ச்சி அத்தோடு நின்றது. ஒட்டுப்போடும் காலம் 2021 அக்டோபர் 12 வரை நீடித்தது. ஏறக்குறைய பத்து ஆண்டு, மோசமான வாக்குறுதி இல்லை. ஆனால் சில்வர்லைட் உலாவியின் பிளகின் வாசலை நம்பி வாழ்ந்தது. அந்த வாசலின் சாவி மைக்ரோசாஃப்டிடம் மட்டும் இருக்கவில்லை. 2015-இல் குரோம் அந்தப் பழைய பிளகின் முறையை முதலில் அணைத்துவைத்து, செப்டம்பரில் வந்த 45-ஆம் பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52 ஃபிளாஷுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து மற்ற பிளகின்களை நிறுத்தியது. விண்டோஸ் 10-உடன் வந்த மைக்ரோசாஃப்டின் சொந்த எட்ஜ் உலாவியே சில்வர்லைட்டை ஏற்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒன்றுதான். ஆக, ஒட்டு நிற்பதற்கு ஆண்டுக்கணக்கில் முன்னாலேயே ஓட்டம் நின்றுவிட்டது. ஆதரவு உண்டு என்று எழுதிய தாள் கையில் இருக்க, பயனரின் திரையில் வெறும் சாம்பல் கட்டம்.

வாய்ச்சொல்லை விட்டுவிட்டுச் செயலைப் பார்த்தவர்களுக்கு அறிகுறி சீக்கிரமே கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸ்யூரின் மேலாண்மைப் பக்கம் 2010-இல் சில்வர்லைட்டில் எழுதப்பட்டிருந்தது; 2012 ஜூனில் அதை ஹெச்டிஎம்எல்லுக்கு மாற்றினார்கள். தன் சமையலைத் தானே சாப்பிடாத சமையல்காரர் என்று பிளேசரைப் பற்றி இன்று சொல்லப்படுவதுண்டு: மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இருக்கிறதே, விஎஸ் கோட் டைப்ஸ்கிரிப்டில் இருக்கிறதே என்று. இந்த வாதத்தை அரைவாசிதான் ஏற்கலாம். உள்ளே பயன்படுத்துவது பாதுகாப்பு ஆகாது. சில்வர்லைட்டை உள்ளேயும் பயன்படுத்தினார்கள், கைவிட்டார்கள். ஆனால் உள்ளே பயன்படுத்திக்கொண்டிருந்ததை விட்டு வெளியேறுவது, எந்த அறிக்கையையும்விட உறுதியான எச்சரிக்கை. டாட்நெட் செயலிகளைக் கண்காணிக்க மைக்ரோசாஃப்ட் பிளேசரில் எழுதிய ஆஸ்பயர் டாஷ்போர்டை ஒருநாள் வேறொன்றில் திருப்பி எழுதினால், அன்றைக்குக் கவலைப்படலாம்.

வெப் ஃபார்ம்ஸின் கதை இதற்கு நேர் எதிர். டாட்நெட்டில் இணையப் பக்கம் எழுதும் முதல் முறையான அது, 2002-இல் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கோடு பிறந்தது. 2009-இல் எம்விசி என்ற அடுத்த முறை வந்தபோதே பழசாகிவிட்டது என்றார்கள். 2016 ஜூனில் வந்த புதிய இணையத் தளமான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் அதற்கு இடமே இல்லை. 2019-இல், இனியும் கொண்டுவரப் போவதில்லை, பிளேசருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். வளர்ச்சி என்ற கணக்கில் அது செத்துப் பல ஆண்டு ஆகிறது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, விண்டோஸின் ஓர் உறுப்பு. விண்டோஸுக்கு ஒட்டு வரும்வரை அதற்கும் வரும். விண்டோஸ் சர்வர் 2022-இன் நீட்டித்த ஆதரவு 2031 அக்டோபர் 14 வரை. ஒரு வரியும் மாற்றாமல், மறுபடி தொகுக்காமல், அதுவரை பாதுகாப்பு ஒட்டு உண்டு.

பக்கத்திலேயே பிளேசரை வைத்துப் பாருங்கள். 2017-இல் நார்வேயில் நடந்த ஒரு மாநாட்டில் ஸ்டீவ் சாண்டர்சன் செய்துகாட்டிய சோதனை முயற்சி அது. நிரல் சர்வரில் ஓடும் சர்வர் வகை 2019 செப்டம்பரில் டாட்நெட் கோர் 3.0-உடன் வந்தது, உலாவிக்குள்ளேயே ஓடும் வெப்அசெம்பிளி வகை 2020 மே மாதம். 2023 நவம்பரில் டாட்நெட் 8 இரண்டையும் ஒரே வகைச் செயலிக்குள் கொண்டுவந்து, சர்வரிலேயே வெறும் ஹெச்டிஎம்எல்லாக வரைந்து அனுப்பும் முறையையும் சேர்த்தது. வளர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் குறுகியது: இரட்டைப்படைப் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டு, ஒற்றைப்படைக்கு முன்பு பதினெட்டு மாதம், இப்போது இரண்டு ஆண்டு. இதனால் டாட்நெட் 8, 9 இரண்டும் ஒரே நாளில், 2026 நவம்பர் 10 அன்று, ஆதரவை இழக்கின்றன. செத்தது என்று சொல்லப்படும் பிளாட்ஃபார்ம் அசையாமல் கிடந்து ஒட்டு வாங்கிக்கொள்கிறது. உயிரோடு இருப்பதோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாற்றச் சொல்கிறது. பட்ஜெட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. பிளேசரைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் முடிந்துவிட்டது என்று ஒருபோதும் சொல்ல முடியாது. மேம்படுத்தலுக்கான ஆள் நாட்கள் நிரந்தரச் செலவு.

உள் அலுவல் மென்பொருள் ஒன்று வெப் ஃபார்ம்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது, திரைகள் மாறுவதில்லை என்றால், "மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது" என்பதற்காக மட்டும் அதைப் பிரித்துப்போடுவது வீண் வேலை. மாற்றியே தீரவேண்டிய காரணங்கள் வேறு: லினக்ஸில் ஓட்ட வேண்டும், பக்கத்தின் நிலையைச் சுமந்து போய்வரும் வியூஸ்டேட் பெருத்துப் பக்கம் நகரவில்லை, வெளியாரிடம் வாங்கிய கட்டுப்பாடுகளுக்கு ஒட்டு வரவில்லை, புதிதாக வருகிறவர் எவரும் அதைத் தொட விரும்பவில்லை. கடைசிக் காரணம்தான் நடைமுறையில் அதிகம் கடிக்கிறது.

மாற்றுவதென்றால் மொத்தமாகத் திருப்பி எழுதும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பழைய செயலிக்கு முன்னால் ஒரு புதிய ஏஎஸ்பி டாட்நெட் கோர் செயலியை நிறுத்துங்கள். அதில் யார்ப் என்ற ரிவர்ஸ் பிராக்ஸியைச் சேர்த்து, எந்த வழித்தடத்துக்கும் பொருந்தாத கோரிக்கைகளைக் கடைசியாகப் பழைய செயலிக்குத் தள்ளும்படி ஒரு விதி எழுதுங்கள். முதல் நாளில் புதிய செயலி எதையும் செய்யாது. எல்லாம் பின்னால் போகும். பிறகு ஒவ்வொரு திரையாக இந்தப் பக்கம் எடுத்து வரலாம். உள்நுழைவையும், பயனரின் தற்காலிகத் தரவு இருக்கும் செஷனையும் இரண்டு செயலிகளும் பகிர்ந்துகொள்ள சிஸ்டம் வெப் அடாப்டர்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. செஷனில் டேட்டாசெட் போன்ற பெரிய பொருள்களை அடைத்துவைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்: தொலைவிலிருந்து செஷனைப் படிக்கும்போது ஒவ்வொரு சாவிக்கும் அதன் வகையை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், பொருளைச் சீரியலைஸ் செய்யவும், அதாவது அனுப்பத்தக்க தரவாக மாற்றவும், முடிய வேண்டும். ஆகவே முதல் வேலை செஷன் சாவிகளை எல்லாம் தேடிப் பட்டியல் போடுவது. பழைய செயலியில் அந்தப் பட்டியல் யாரும் எதிர்பார்த்ததைவிட நீளமாகவே இருக்கும்.

சில்வர்லைட்டோடு பிளேசரை ஒப்பிடுகிறவர்கள் தவறவிடுவது, காலடியில் இருக்கும் மண்ணை. பிளேசரின் வெப்அசெம்பிளி வகைக்குப் பிளகின் வேண்டாம். வெப்அசெம்பிளியை 2017 முடிவதற்குள் நான்கு பெரிய உலாவிகளும் ஏற்றுக்கொண்டன. 2019 டிசம்பரில் அது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாயிற்று. யாரோ ஒருவர் வாசலை மூடி அதை வெளியே தள்ளிவிட முடியாது. சர்வர் வகைக்கு வேண்டியது ஜாவாஸ்கிரிப்ட்டும் வெப்சாக்கெட்டும்தான். எனவே மைக்ரோசாஃப்ட் நாளையே பிளேசரைக் கைகழுவினாலும், தொகுத்து வெளியிட்ட செயலி மறுநாளும் ஓடும். நிற்கக்கூடியது ஒட்டும் வளர்ச்சியும். (சில்வர்லைட் நிரலை இன்றைய உலாவியில் ஓட்டிக்காட்டும் ஓபன்சில்வர் என்ற திட்டமும் இதே வெப்அசெம்பிளி டாட்நெட் மீதுதான் நிற்கிறது. செத்தவர் வாரிசின் தோளில் ஏறி நடக்கிறார்.)

பிளேசருக்கு எம்ஐடி என்ற திறந்த மூல உரிமம் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாமே என்பார்கள். பாதி ஆறுதல். செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டபிள்யூசிஎஃப்-இன் சர்வர் பகுதியை டாட்நெட் கோருக்குக் கொண்டுவர மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் கைவிரித்தபோது, சமூகம் கோர்டபிள்யூசிஎஃப் என்று எடுத்து நடத்தி 2022-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. அது ஒரு நூலகம். பிளேசர் வெப்அசெம்பிளியோ ஒரு ரன்டைம், குப்பை சேகரிப்பான், தொகுப்பான், பிழைதிருத்தி, விஷுவல் ஸ்டுடியோ இணைப்பு என்று நீளும் சங்கிலி. அதைச் சம்பளமில்லாத ஆட்கள் தூக்கிச் சுமப்பது வேறு எடை. திறந்த மூலம் உண்மையில் உதவிய இடம் வேறு. 2021 அக்டோபரில், டாட்நெட் 6 வெளியாக இரண்டு மூன்று வாரமே இருந்தபோது, கட்டளை வரியில் செயல்பட்டுக்கொண்டிருந்த ஹாட் ரீலோடை (செயலியை நிறுத்தாமலே நிரல் மாற்றத்தை ஏற்றும் வசதி) நீக்கி அதை விஷுவல் ஸ்டுடியோ 2022-க்கு மட்டும் வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. நீக்கிய வரிகள் அனைவர் கண்ணுக்கும் தெரிந்தன; எதிர்ப்பு சில நாளில் அந்த வரிகளைத் திரும்ப வைக்கவைத்தது. கதவு கண்ணாடியாக இருந்தால் உள்ளே நடப்பது தெரியும், அவ்வளவுதான். சாவி நம் கைக்கு வந்துவிடாது.

முதலீடு எங்கே குறைகிறது என்பதும் அந்தக் கண்ணாடி வழியே தெரியும். கிட்ஹப்பில் ஏஎஸ்பி டாட்நெட் கோர் களஞ்சியத்தில் பிளேசர் குறியிட்ட கோரிக்கைகளை எடுத்து, எந்த மைல்கல்லில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பதிப்பின் திட்டத்தில் இருந்து அதற்கடுத்ததுக்கும், அங்கிருந்து "பேக்லாக்" என்ற கிடங்குக்கும் நகர்ந்த கோரிக்கை எது? வெப்அசெம்பிளியில் பல இழைகளில் (த்ரெட்), அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகளாக, ஓடும் வசதி இதற்கு நல்ல உதாரணம். டாட்நெட் 7-இல் சோதனையாகத் தலைகாட்டியது. பிளேசருக்கு 8-இல் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டுத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கனமான கணக்கை உலாவியிலேயே பல இழைகளில் செய்யலாம் என்று அதை நம்பித் திட்டம் போட்டவர்கள் கணக்கைச் சர்வருக்கே திருப்ப வேண்டியிருந்தது. அறிவிப்பில் இருக்கும் வசதியை நம்பி வடிவமைப்பதுதான் ஆபத்து. வெளியான வசதியை நம்புவதில் ஆபத்து குறைவு.

இந்த விவாதத்தில் எவரும் தொடாத ஒன்று, பிளேசரை விட்டு வெளியே வர எவ்வளவு ஆகும் என்பது. அதை முடிவு செய்வது நிறுவனமல்ல, நாம் எழுதும் விதம். பிளேசர் திரை எழுதப்படும் ஒரு ரேசர் கோப்பைத் திறந்து பாருங்கள். பட்டனை அழுத்தினால் ஓடும் முறைக்குள் நேராக டேட்டாபேஸ் வினவல் இருக்கிறதா? சர்வர் வகையில் இது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லோரும் செய்வது; வெப் ஃபார்ம்ஸில் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கோட் பிஹைண்ட் நிரலில் செய்ததும் இதுவேதான். இப்படி எழுதிய திரையை வெப்அசெம்பிளிக்குக்கூட மாற்ற முடியாது, ரியாக்டுக்கு எங்கே மாற்றுவது? அதே வேலையை ஓர் இடைமுகத்துக்குப் பின்னால், பிளேசர் பற்றி எதுவும் தெரியாத தனி நூலகத்தில் வைத்தால் திரை மட்டும்தான் பிளேசருக்குச் சொந்தம். நூலகத் திட்டக் கோப்பில் ஏஎஸ்பி டாட்நெட் காம்பொனென்ட்ஸ் தொகுப்புக்கான சுட்டு எதுவும் இருக்கக் கூடாது என்று பில்டிலேயே ஒரு சோதனை வைத்துவிட்டால் போதும். சொல்லிப் புரியவைப்பதைவிட பில்டு உடைவது வேகமாகப் புரியவைக்கும்.

சர்வர் வகையில் நேரடி வினவல் இன்னொரு வகையிலும் கடிக்கும். அங்கே ஒரு பயனரின் இணைப்பு முழுவதும் ஒரே ஸ்கோப், அதாவது பொருள்களின் ஆயுள் எல்லை. எம்விசியில் ஒரு கோரிக்கையோடு முடிந்துபோன டிபிகான்டெக்ஸ்ட் (டேட்டாபேஸோடு பேசும் பொருள்), இங்கே அவர் டேப்பை மூடும்வரை உயிரோடு இருக்கும். இரண்டு காம்பொனென்ட்கள் ஒரே நேரத்தில் தரவு கேட்டால், முந்தைய செயல் முடியுமுன் இரண்டாவது தொடங்கிவிட்டது என்ற பிழை வந்து விழும். உருவாக்குபவரின் கணினியில் வராது, நெரிசலில் வரும். ஒவ்வொரு செயலுக்கும் புதிதாக ஒரு டிபிகான்டெக்ஸ்டை, அதை உருவாக்கித் தரும் ஃபேக்டரியிடம் வாங்கி, உடனே விட்டுவிடுவதுதான் மருந்து.

சர்வர் வகையின் நினைவகக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதுவுமே செய்யாத ஒரு சின்னச் செயலிக்கே ஓர் இணைப்புக்குச் சுமார் 250 கேபி. ஆயிரம் பேர் திறந்துவைத்திருந்தால் கால் ஜிபி, அதுவும் உங்கள் தரவைச் சேர்க்காமல். இணைப்பு அறுந்தால் இயல்பாக மூன்று நிமிடம்தான் அந்த நிலையைப் பிடித்துவைத்திருக்கும். அப்படி அறுந்தவை நூறுக்கு மேல் போனால் பழையவற்றைத் தூக்கி எறியும். பல சர்வர்கள் இருந்தால், ஒரு பயனர் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகும்படி லோட் பேலன்சரில் கட்டிவைக்க வேண்டும். இதை மறந்தால் "மீண்டும் இணைக்க முயல்கிறது" என்ற திரைதான் மிஞ்சும். புதிய பதிப்பை ஏற்றுவதற்காகச் செயலியை நிறுத்தினால் நினைவகத்தில் இருந்த எல்லா நிலையும் போகும். பாதிப் படிவம் நிரப்பியிருந்தவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். டாட்நெட் 10 நிலையைச் சேமித்துவைத்து மீட்கும் வழியைக் கொண்டுவந்திருக்கிறது. எந்தப் பண்பைக் காக்க வேண்டும் என்று நாம்தான் குறிக்க வேண்டும்.

ஆகவே எல்லாத் திரைக்கும் ஒரே முறையை வைக்காமல், படிக்க மட்டுமான பக்கங்களை இணைப்பே இல்லாத சர்வர் வரைவில் விட்டு, ஊடாட்டம் வேண்டிய துண்டுகளுக்கு மட்டும் சர்வர் அல்லது வெப்அசெம்பிளி முறை கொடுப்பது இரண்டு விதத்தில் லாபம். ஓட்டச் செலவு குறையும். பிளேசருக்கே உரிய நடத்தையை நம்பியிருக்கும் பரப்பும் சுருங்கும். ஹெச்டிஎம்எல் படிவமாக இருக்கும் பக்கத்தை வேறு எதற்கும் மாற்றலாம்.

வெளியாரின் காம்பொனென்ட் தொகுப்புகள் இந்தக் கணக்கில் தனி வரி. தரவை அட்டவணையாகக் காட்டும் ஒரு கிரிட் கட்டுப்பாட்டின் நூற்றைம்பது பண்புகள் ஐம்பது திரைகளில் சிதறிக் கிடந்தால், உங்களைப் பூட்டியிருப்பது மைக்ரோசாஃப்ட் அல்ல, அந்தக் கிரிட். அந்தக் கிரிட்டைச் சுற்றி உங்கள் பெயரில் ஒரு சிறு காம்பொனென்ட் எழுதி, உண்மையில் பயன்படுத்தும் பத்துப் பன்னிரண்டு பண்புகளை மட்டும் வெளியே காட்டினால், மாற்றும் நாளில் திறக்க வேண்டியது ஒரு கோப்பு.

டாட்நெட் 8-இல் ஓடும் பிளேசர் செயலி கையில் இருக்கிறவர்கள் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையை 2026 நவம்பர் 10-க்கு முன் முடித்துவைத்தால் நல்லது. டாட்நெட் 10-க்கு மாற்ற குளோபல் ஜேசன் கோப்பில் எஸ்டிகே பதிப்பு, திட்டக் கோப்புகளில் இலக்கு ஃபிரேம்வொர்க், பிறகு தொகுப்புகள் என்று இந்த வரிசையில் போகலாம். மைக்ரோசாஃப்ட் தொகுப்புகளின் பதிப்பெண் எல்லாத் திட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 8-இல் தங்கிவிட்டால் பில்டு தேறிவிட்டு ஓடும்போது விழக்கூடும். வெப்அசெம்பிளி வகையில் வெளியீட்டுக்கான பில்டை வைத்தே சோதியுங்கள்: பயன்படாத நிரலை வெட்டும் டிரிம்மிங் அப்போதுதான் நடக்கிறது, நிரல் ஓடும்போதே வகைகளின் பண்புகளைத் தேடும் ரிஃப்ளெக்‌ஷனை நம்பிய ஜேசன் மாற்றங்கள் அங்கேதான் சத்தமில்லாமல் காலியாகத் திரும்பும்.